தங்கையின் மகப்பேற்றுக்கு ஊர் வந்தபோது சிங்கப்பூரில் பார்த்தது

மெல்பர்னிலிருந்து தங்கையின் வளைகாப்புக்காகத்தான் ஊருக்கு, சிங்கப்பூருக்கு, வந்தேன். பாதி லீவு மருத்துவமனையில் போனது. பிரசவத்துக்கு ஊர் திரும்பும் நம் பெண்களுக்குப் பயன்படட்டும் என்றுதான், ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயைப் பற்றி இதை எழுதுகிறேன்.

தேக்காவில் பார்த்துப் பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல் அவள் கையில் ஏறவே இல்லை. சோப்பு போட்டும் பெருவிரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. "மாசமானா நீர் கோக்கும்மா, பார்லித் தண்ணி குடி, வடிஞ்சிடும்" என்றார் அத்தை. கால் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். ஆனால் கையும் முகமும் திடீரென வீங்கினால் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். மறுநாளே போனோம். 150/96, சிறுநீரில் புரதம். அப்போது 31ஆவது வாரம்.

அங்கிருந்த மிஸ்ஸியை (தாதியை) பாராட்டத்தான் வேண்டும். தங்கையை முதுகு சாய்த்து உட்காரவைத்து, பாதம் தரையில் படச் செய்து, பேச்சுக் கொடுக்காமல் காத்திருந்து மறுபடி அளந்தார். அம்மாவுக்கு விளங்காததைத் தமிழிலேயே சொன்னார். சிகிச்சைத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது பெரிய குறை. வீட்டில் கவனித்துக்கொள்ளப் போவது அம்மாக்களும் மாமியார்களும்தானே?

20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போனால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா. வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பப்பையின் சுருள் ரத்தக்குழாய்கள் தொடக்க மாதங்களில் நன்றாக அகல வேண்டும். அகலாவிட்டால், தூர் வாராத வாய்க்கால் மாதிரி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அது எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தப் புரதம் தாயின் ரத்தக்குழாய்களைக் காக்கும் காரணிகளைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அழுத்தம் ஏறுவதும் சிறுநீரகம், ஈரல், மூளை பாதிக்கப்படுவதும் அதனால்தான். 2003இல் இதைக் கண்டுகாட்டிய குழுவை நடத்தியவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி. படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நோயை முழுக்கத் தீர்ப்பது பிரசவம் ஒன்றுதான். அதுவரை அழுத்தத்துக்கு லபெட்டலால் அல்லது நிஃபெடிபின். முன்கூட்டிப் பிறக்கும்போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. நிலைமை கடுமையானால் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட். இது வலிப்பு அபாயத்தை ஏறக்குறைய பாதியாக்குவது 2002ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்துவிட்டது. தங்கைக்கு லபெட்டலாலில் அழுத்தம் இறங்கியது. சில நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, அழுத்தமானியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 37 வாரம் வரை இழுக்கப் பார்க்கிறார்கள்.

என் ஆற்றாமை ஒன்றுதான். அவள் முதலில் காட்டிய கிளினிக்கில் ஆரம்பச் சோதனையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் அழுத்தம், கர்ப்பப்பை ரத்த ஓட்ட ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே அபாயம் யாருக்கு அதிகம் என்று கணிக்கலாம். அவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா இதனால் 62 விழுக்காடு குறைந்ததை 2017 ஆய்வு காட்டியது. 16 வாரம் தாண்டித் தொடங்கினால் அந்த அளவு பலன் கிடைப்பதில்லை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

பிள்ளை பெற்ற பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் இருந்தால் பத்திய அலுப்பு என்று விட்டுவிடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வந்தால் சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.