மலைப்பெயர் தொகுப்பவர்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் எவ்வளவு உதவும்?

பீபிள்ஸ்ஷயரின் ட்வீட்ஸ்மியூர் போன்ற ஒரு மலைப் பாரிஷின் (தேவாலயத்தை ஒட்டி அமைந்த பழைய உள்ளூர் நிர்வாகப் பிரிவு) பெயர்களைத் தொகுக்க உட்கார்ந்தால், முதலில் திறக்க வேண்டிய தளம் இதுதான். வரைபடங்களைப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் இதை மட்டுமே நம்பினால் பட்டியல் தவறாகத்தான் முடியும்.

தளத்தில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி மலைப்பெயருக்குத் தேவைப்படாது. ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த 25 அங்குல வரைபடத்தின் அழகில் மயங்காதீர்கள். விளைநிலமும் குடியிருப்பும் உள்ள இடங்களையே அந்த அளவில் வரைந்தார்கள். தரிசு மேட்டுநிலத்தை விட்டுவிட்டார்கள். மலைக்கு ஒரு மைலுக்கு ஆறு அங்குல வரைபடம், அதாவது 1:10,560, போதும்.

இன்றைய வரைபடத்தின் மேல் பழையதைப் பொருத்திக் காட்டும் பகுதிக்குப் போய் ஆறு அங்குல முதல் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய படத்தை மங்கலாக்கும் பட்டையைப் பாதியில் நிறுத்துங்கள். ட்வீட்ஸ்மியூரில் உள்ள டல்லா நீர்த்தேக்கம் 1905இல்தான் திறக்கப்பட்டது என்பதால் முதல் பதிப்பில் தண்ணீர் இருக்காது, குழம்ப வேண்டாம். சுட்டி நிற்கும் இடத்தின் கட்ட எண்ணை (வரைபடக் கட்டங்களில் அந்த இடத்தைக் குறிக்கும் எண்) தளமே காட்டுகிறது, இதுதான் பெரிய வசதி. அங்குள்ள ப்ராட் லா மலையின் உச்சிக்கு என்டி 146 235 என்று வரும்; என்டி என்பது பெரிய கட்டத்தின் எழுத்துகள். ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைத்தான் குறிக்கும். அடுத்தடுத்து நிற்கும் சிறு குன்றுகளுக்கு எட்டு இலக்கம் எழுதுங்கள்.

பெயர்த் தேடலுக்குத்தான் மதிப்பெண் குறைகிறது. ஆறு அங்குல இரண்டாம் பதிப்பின் எழுத்துகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்த ஜிபி1900 பட்டியல் இதில் இருக்கிறது. சுமார் 25 லட்சம் பதிவுகள். ஆனால் அது தரும் புள்ளி அச்சிட்ட பெயர் தொடங்கும் இடத்தில் விழுகிறது. மலைச்சரிவு நெடுக எழுத்துகளைப் பரப்பி எழுதிய பெயர் என்றால் உச்சி அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கலாம். அந்த எண்ணை அப்படியே பட்டியலில் ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இன்னொன்று, மலை, குன்று, மேட்டு முகடு ஆகியவற்றைக் குறிக்கும் லா, டாட், ரிக் என்று முடியும் பெயர்கள் தென் ஸ்காட்லாந்தில் திரும்பத் திரும்ப வரும். எந்தப் பாரிஷ் என்று படத்தில் பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

வரைபடம் ஒரு வடிவத்தை மட்டும் அச்சிடுகிறது. மற்ற வடிவங்கள், இந்த வரைபடங்களை வரைந்த பிரிட்டன் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெயர்ப் புத்தகங்களில் கிடக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் வரைபடத்தில் எழுதிய வடிவம், வேறு எழுத்துக்கூட்டல்கள், அவற்றைச் சொன்னவர்கள், இடம், விளக்கம் என்று பத்திகள் உண்டு. சொன்னவர் யார் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். நில உடைமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் சொல்லுக்கு இருந்த மதிப்பு, அந்த மலையிலேயே ஆடு மேய்த்தவன் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. எல்லையில் நிற்கும் மலையை இரு பாரிஷ் புத்தகங்களிலும் தேடுங்கள்; எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். 1889ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு பல பாரிஷ் எல்லைகள் மாறின. அதனால் முதல் பதிப்பில் ஒரு பாரிஷில் உள்ள குன்று இரண்டாம் பதிப்பில் பக்கத்துப் பாரிஷில் இருக்கலாம்.

இன்னும் பழைய வடிவம் வேண்டுமா? 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் என்பவர் பெயரில் அறியப்படும் ராணுவ நில அளவையின் வரைபடமும் இதே தளத்தில் உண்டு. அதில் பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை, இடமும் தோராயம்தான். கட்ட எண் எடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கைபேசியில் இந்தத் தளம் படுத்துகிறது, மலையில் சிக்னலும் கிடைக்காது. வேண்டிய தாள்களை வீட்டிலேயே அச்சிட்டு, தாள் எண்ணையும் அளந்த ஆண்டையும் ஓரத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வெளியான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. இரண்டும் தாளின் விளிம்பில் இருக்கும்.