புதிது என்று தலையில் கட்டப்பட்ட பழைய எஞ்சின்: கண்ட்ரோல் லைன் விமானம் செய்பவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம் பக்கத்தில் இருந்துகொண்டு மாடல் விமானத்துக்கு எஞ்சின் தேடினால் வெளியூர் விற்பனையாளரை நம்பித்தான் ஆக வேண்டும். அப்படி நம்பிய ஒருவர் எங்களுக்குப் பட்டை நாமம் போட்டார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர் கையாண்ட தந்திரங்களை மட்டும் எழுதுகிறேன். அவற்றைப் பயன்படுத்துபவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

என் அக்காள் மகன் பால்சா மரத்தில் சின்னதாக ஒரு விமானம் செய்து முடித்திருந்தான். கண்ட்ரோல் லைன் வகை, ரேடியோ கிடையாது. இரண்டு எஃகுக் கம்பிகளின் முனையில் கைப்பிடி, அதைப் பிடித்திருப்பவரைச் சுற்றி விமானம் வட்டமடிக்கும். கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான் விமானத்தை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் சொன்னபடி கேட்கும். இதற்கு 0.8 சி.சி. எஞ்சின் போதும் என்பார்கள். காற்றில்லாத ஊரில் போதும். நம் ஊரில் ஆடிக்காற்றை விடுங்கள், அதில் அம்மியே பறக்கும். பங்குனி மாலையில் வரும் கடற்காற்றுகூட 0.8 சி.சி. இழுவையில் பறக்கும் லேசான விமானத்தை உள்பக்கம் தள்ளிக் கம்பியைத் தளர்த்திவிடும். ஆகவே 2.5 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 16 மீட்டர் கம்பி என்று முடிவு செய்து பணம் அனுப்பினோம்.

வந்த எஞ்சினின் பக்கவாட்டில் 25 என்று பொறித்திருந்தது. "நீங்கள் கேட்ட இரண்டரை சி.சி.தான் சார்" என்றார் போனில். பச்சைப் பொய். எஞ்சின்மேல் பொறிக்கும் அந்த எண் பெரும்பாலும் கன அங்குலக் கணக்கு. 25 என்றால் 0.25 கன அங்குலம், அதாவது 4.1 சி.சி. நாங்கள் கேட்ட 2.5 சி.சி.க்கு உரிய எண் 15. அதேபோல் 049 என்றால் 0.8 சி.சி., 35 என்றால் 5.7 சி.சி. எண் ஒத்துப்போவதைக் காட்டி, விலைபோகாத பெரிய எஞ்சினைத் தள்ளிவிடுகிறார்கள். சின்ன விமானத்தில் அதை மாட்டினால் மூக்கு கனத்துவிடும்.

போதாக்குறைக்கு அது ரேடியோ விமானத்துக்கான எஞ்சின், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் வைத்த கார்புரேட்டரோடு வந்தது. "முழுக்கத் திறந்து கம்பியால் கட்டிவிடுங்கள், ஓடும்" என்றார். தரையில் ஓடும்தான். அந்தக் கார்புரேட்டரின் வாய் பெரியது, எரிபொருளை உறிஞ்சும் இழுவை குறைவு. விமானம் மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் வறண்டு திணறும். கண்ட்ரோல் லைனுக்குக் குறுகிய வாயுள்ள வெஞ்சூரியும் (காற்று நுழையும் குழல்) எரிபொருள் அளவைத் திருத்தும் நீடில் வால்வும் போதும்.

சண்டை போட்டதில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "பெட்டி பிரிக்காத புதுசு" என்று ஒரு 15-ஐ அனுப்பினார். விலை 6,500 ரூபாய். பெட்டியைத் திறந்த பையன், "மாமா, பெட்டியில் ஒரு கம்பெனி பெயர், எஞ்சினில் வேறு பெயர் இருக்கிறதே" என்றான். திருகுகளின் தலை தேய்ந்திருந்தது. புகை வெளியேறும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் கரி. ஆனால் புரொப்பெல்லரைச் சுற்றினால் அழுத்தம் கெட்டியாக இருந்தது! விஷயமே அங்கேதான். உள்ளே கெட்டி எண்ணெயைத் தாராளமாக ஊற்றி அனுப்பியிருந்தார். பெட்ரோலில் நன்றாகக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெதுவாகச் சுற்றினோம். பிஸ்டனின் விளிம்பைச் சுற்றிக் குமிழிகள் புறப்பட்டன, 'உஸ்' என்று காற்று போனது, விரலுக்கு எதிர்ப்பே இல்லை.

"ஓட ஓடச் செட் ஆகிவிடும்" என்பது அவருடைய அடுத்த பதில். இறுக்கமான புது எஞ்சின்தான் ஓட ஓடப் பதம் பெறும். தேய்ந்தது மேலும் தேயும். அதையும் சோதித்துவிடுவோம் என்று மரக்கட்டையில் திருகி ஓட்டினோம். குளிர்ந்த நிலையில் உடனே பற்றிக்கொண்டது. சூடு ஏற ஏறச் சத்தம் தாழ்ந்து, டாங்க் பாதி தீர்வதற்குள் நின்றது. சூட்டோடு மறுபடி கிளப்பப் பார்த்தால் பற்றவே இல்லை. எண்ணெய் இளகியதும் தேய்ந்த பிஸ்டனின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். விற்பவர் வீடியோ அனுப்பினால் குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதைப் பார்த்து மயங்காதீர்கள். முழு டாங்க் ஓடி முடிந்த கையோடு மறுபடி கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். சுழலும் தண்டைத் தாங்க பால் பேரிங் உள்ளதா, வெறும் உலோகக் குழலான புஷ் வைத்ததா என்றும் கேளுங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றிலும் ஈரத்துக்குக் குறைவில்லை, பின்பக்க பேரிங் துருப்பிடித்துவிடும். என்னைக் கேட்டால் சின்ன விமானத்துக்கு புஷ் வைத்ததே மேல்.

எஞ்சினைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது அவர் "இலவசமாக" அனுப்பிய எரிபொருள். குளிர்பானப் புட்டியில், லேபிள்கூட இல்லாமல் வந்தது. அதில் பெரும்பகுதி மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதே சரக்கு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைக் குளிர்பானப் புட்டியில் அனுப்பியவரை என்னவென்று சொல்வது? நல்லவேளை, பையன் மூடியைத் திறந்து முகர்ந்ததோடு நிறுத்திக்கொண்டான். அதுவே தப்புதான், அதன் ஆவியும் ஆகாது. ஒரு கரண்டி எடுத்துத் திறந்த வெளியில் சாசரில் ஆறவிட்டேன். கடைசியில் மிஞ்சியது தண்ணீர்போல ஓடும் கொஞ்சம் எண்ணெய். விளக்கெண்ணெயின் பிசுக்கும் இல்லை, வாசனையும் இல்லை. இரும்பு பிஸ்டன் வைத்த பழைய எஞ்சினுக்கு எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்காவது எண்ணெய் வேண்டும், அதில் கணிசமான பகுதி விளக்கெண்ணெயாக இருக்க வேண்டும். இந்தக் கலவையில் புது எஞ்சினே கெட்டிருக்கும்.

பணத்தைக் கேட்டால் இப்போது போன் எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். அதில் தீரவில்லையென்றால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில்லுக்குப் பதில் அவர் கொடுத்தது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. ஆனால் "பெட்டி பிரிக்காத புதுசு" என்று வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பியது அவர்தான். அந்தச் செய்தியையும், கரி படிந்த வாயின் படத்தையும் அச்செடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறேன்.