வளவில் விழுந்த சுவர்: கானாடுகாத்தானில் ஒரு பஸ்டர் கீட்டன் மாலை

கானாடுகாத்தானில் நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறவர்கள், சனிக்கிழமை மாலைகளில் வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தில்) திரை கட்டி, பழைய ஹாலிவுட் நடிகர் ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் பேசி, அவருடைய படத்தையும் காட்டுகிறார்கள். அங்கே தங்காதவர்களும் போகலாம். சிற்றுண்டியோடு ஆளுக்கு 600 ரூபாய். நான் போனது பஸ்டர் கீட்டனுக்கான வாரம். படம், 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’.

ஊமைப்படத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஆச்சி ஒருவர் கடைசிவரை இடத்தை விட்டு எழவில்லை. “ஏந்தம்பி, இவரு சிரிக்கவே மாட்டாராக்கும்?” என்று பாதியில் என்னைக் கேட்டார். மாட்டார். 1895இல் கான்சாஸ் மாநிலத்தில் மேடைக் கலைஞர்களுக்குப் பிறந்து, சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையால் மேடையில் தூக்கியெறியப்படும் பிள்ளையாக நடித்துப் பழகிய கீட்டன், தாம் சிரித்தால் சபை சிரிப்பதில்லை என்பதை அப்போதே கண்டுகொண்டவர்.

முதல் பத்து நிமிடம் படம் திரை முழுவதற்கும் இழுக்கப்பட்டு ஓடியதால், அந்த ஒடுங்கிய முகம் வெள்ளைப் பணியாரம்போல உப்பித் தெரிந்தது. சொன்னதும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் ஒரே பியானோத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டதைக் கடைசிவரை மாற்றவில்லை.

புயல் காட்சியில் அந்தப் பியானோவும் காதில் விழவில்லை. வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து கீட்டனின் மேல் சாய்கிறது. மாடிச் சன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குவதால் தப்பிக்கிறார். தந்திரக் காட்சி அன்று. உண்மையான சுவர், கனமானது, அவரைச் சுற்றிச் சில அங்குலமே இடைவெளி. இரு பக்கமும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்க, ஆத்தங்குடித் தரையில் உட்கார்ந்து ஒரு வீடு விழுவதைப் பார்த்தபோது, பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

உரைதான் குறை. 1917இல் நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளுடன் திரைக்கு வந்தது, சொந்தப் படங்களின் பொற்காலம், 1928இல் எம்ஜிஎம் படநிறுவனத்தில் சேர்ந்து தம் படங்களின் மீதான கட்டுப்பாட்டை இழந்தது, குடி, 1933இல் வெளியேற்றம் என்று சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தவர், அத்தோடு கதையை முடித்து எங்களைப் பரிதாபப்பட வைத்தார். கீட்டன் அதன்பின் 33 ஆண்டுகள் வாழ்ந்தார். பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் யோசித்துக் கொடுத்தார். 1940இல் மணந்த எலினோருடன் கடைசிவரை வாழ்ந்தார். தொலைக்காட்சியில் மறுபடி புகழ்பெற்று, 1960இல் கௌரவ ஆஸ்கர் வாங்கி, 1966இல் இறக்கும்வரை நடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வளவில் அவசியம் சொல்லியிருக்க வேண்டிய செய்தியும் விடுபட்டுப்போனது. கீட்டன் 1926இல் பெவர்லி ஹில்ஸில் ஒரு மாளிகை கட்டினார்; 1932இல் மணமுறிவோடு அது கைவிட்டுப் போனது. பின்னாளில் அதை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கீட்டனின் படச்சுருள்கள் கிடப்பதைக் கண்டெடுத்தார். அவருடைய படங்கள் இன்று நமக்குக் கிடைப்பதில் அந்த வீட்டுக்கும் பங்குண்டு. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு) ஓர் அறை வைத்துப் பூட்டுத் தொங்கவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று பேரன்மாருக்கே தெரியாத ஊரில், இதைவிடப் பொருத்தமான கதை எது?

இடைவேளையில் கொடுத்த கந்தரப்பம் சூடாக இருந்தது, காபி ஆறிப்போயிருந்தது. அடுத்த மாதம் மறுபடி போவதாக இருக்கிறேன். போகிறவர்கள் ஆறரைக்குள் போய் நடுவரிசை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதிப் படத்தைத் தூண் மறைக்கும்.