பழைய சேத்தக் வயரிங்குக்கு நம்பிப் போகலாம்

புதுப்பேட்டையில் போர்டுகூட இல்லாத சின்னக் கடை, கடைக்காரர் பழைய ஸ்கூட்டர் வயரிங் மட்டும்தான் பார்க்கிறார். என் பஜாஜ் சேத்தக் பள்ளத்தில் இறங்கினாலே ஹெட்லைட் விட்டுவிட்டு எரியும், சில சமயம் வண்டியே நின்றுவிடும். வேறு இடங்களில் மொத்த வயரிங்கையும் மாற்றச் சொன்னார்கள். இவர் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு வயராக விரலால் ஆட்டிப் பார்த்தார், வயரெல்லாம் ஒன்றுசேரும் ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் கை போனதும் இன்ஜின் திக்கியது. மூடியைக் கழற்றினால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் மேக்னெட்டோவிலிருந்து வரும் வயரின் உறை சூட்டிலும் எண்ணெயிலும் காய்ந்து வெடித்திருந்தது. முறுக்கி டேப் சுற்றும் வேலையே கிடையாது. நுனியை வெட்டி, சுரண்டி, வயர் முனையில் மாட்டும் உலோக லக் புதிதாக இறுக்கி, மேலே உறையாக ஸ்லீவ் போட்டார். அப்புறம் எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவையும் பெயிண்டையும் தேய்த்து எடுத்தார், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாடி வழியாகத்தான் கரண்ட் திரும்புகிறது, அங்கே பிடிப்பு இல்லையென்றால் புது பல்பு போட்டாலும் மங்கலாகத்தான் எரியும்.

இப்போது ஹாரன் அடித்தால் தெருமுனை வரை கேட்கிறது, அவ்வளவு சந்தோஷம். குறை என்றால் பில் தருவதில்லை, ஒரு வண்டியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். 6 வோல்ட் வண்டி என்றால் பல்பையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவரிடம் 12 வோல்ட்தான் இருக்கிறது.