டார்மாக், டிசிஆர், சோலோயிஸ்ட்: சொந்தக் காசில் பந்தயம் ஓட்டுபவருக்கு எது?

பரிசுத் தொகையைவிட நுழைவுக் கட்டணத்துக்கே அதிகம் செலவழித்த பந்தயக்காரன் நான். விழுந்து உடைத்தால் மாற்று வண்டியோடு பின்னால் கார் வராது. இருப்பது ஒரே கார்பன் சைக்கிள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்றைக் கிழிப்பதும் அதுவே, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதும் அதுவே. இதற்குத் தோதான மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7, ஜயண்ட் டிசிஆர், செர்வேலோ சோலோயிஸ்ட்.

எடைப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐயின் விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. நடுத்தர விலை வண்டிகள் 8 கிலோவை ஒட்டி நிற்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ குறைந்தால் 20 நிமிடச் செங்குத்து ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 15 விநாடி. சமதளத்தில் அதுவும் இல்லை. அங்கே காற்றோடுதான் சண்டை, அந்தக் காற்றைப் பெரும்பாலும் தடுப்பது நம் உடம்பு. ஒரு மணி நேரம் முதுகு வலிக்காமல் குனிந்திருக்க முடிகிற அளவு கிடைத்தால், எந்த ஃபிரேமும் வேகமான ஃபிரேம்தான்.

அளவில் டார்மாக் முந்துகிறது. 44 முதல் 61 வரை ஏழு அளவுகள்; உயரம் குறைந்தவர்களுக்கு இது பெரிய வரம். 2020இல் இது வந்தபோது, காற்றைக் கிழிப்பதற்கென்றே இருந்த வெஞ்ச் என்ற மாடலை அதே நிறுவனம் கைவிட்டது. ஒரே வண்டி போதும் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. பெடல் தண்டான கிராங்க் சுழலும் பேரிங் கூடு, அதாவது பிபி, மரை போட்டது. எந்தக் கடையிலும் கழற்றி மாட்டலாம். டயர் 32 மில்லிமீட்டர் வரை நுழையும்.

2022இல் வந்த சோலோயிஸ்ட் 34 வரை விடுகிறது. சாலையில் பாதி பள்ளமாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் சும்மா இல்லை. இதிலும் பிபி மரை போட்டதே. ஃபிரேம் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

டிசிஆர் இவர்களுக்கெல்லாம் மூத்தது. மேல்குழாயைச் சரித்து ஃபிரேமைச் சிறிதாக்கும் யோசனையை 1990களில் வடிவமைப்பாளர் மைக் பர்ரோஸ் இதில்தான் ஜயண்ட்டுக்காகக் கொண்டுவந்தார். இன்று எல்லோரும் அதைச் செய்கிறார்கள். குறைகளும் உண்டு. பிபி அழுத்திப் பொருத்தும் வகை; மண்ணும் தண்ணீரும் புகுந்தால் கறகறக்கக்கூடிய வகை அது. அட்வான்ஸ்டு புரோ மாடலோடு வரும் கார்பன் சக்கரங்களின் ரிம்மில் டயரைப் பிடிக்கும் கொக்கி கிடையாது. எனவே கண்ட டயரை மாட்ட முடியாது, காற்றும் 72 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் நான் சாய்வது டிசிஆர் பக்கம், அதுவும் 2020இல் வந்த தலைமுறையின் பக்கம். காரணம் கோன்செட், அதாவது ஹேண்டில்பாரோடு முன்சக்கர ஃபோர்க் திரும்பும் பேரிங் பகுதி.

என்னுடைய முந்தைய சைக்கிள் (இந்த மூன்றில் ஒன்றல்ல) பிரேக் குழாய்களைக் கோன்செட் பேரிங்கின் நடுவே இழுத்துக்கொண்ட ரகம். பார்க்க அழகு. இரண்டு ஆண்டு வியர்வையும் உப்புக்காற்றும் மேல்பேரிங்கில் இறங்கின. ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் ‘டொக்’ என்று ஓர் இடத்தில் போய் உட்காரும். பேரிங் மலிவுதான். ஆனால் அதை வெளியே எடுக்க இரண்டு பிரேக் குழாய்களையும் வெட்டி, புது முனை போட்டு, எண்ணெய் நிரப்பி, காற்றுக்குமிழ் போகும்வரை மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்தார். பேரிங்கின் விலையைப் போல் பல மடங்கு கூலி, நியாயமான கூலி.

டார்மாக்கிலும் சோலோயிஸ்ட்டிலும் குழாய்கள் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிணைக்கும் துண்டு) அடியில் ஓடுவதால் ஸ்டெம் மாற்றுவது எளிது. ஆனால் அவையும் மேல்பேரிங் வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. 2020 டிசிஆரில் அவை வெளியே வந்து, பின்பிரேக் குழாய் ஃபிரேமின் கீழ்க்குழாயிலும் முன்பிரேக் குழாய் ஃபோர்க்கிலும் நுழைகின்றன. 2024இல் வந்த புதிய டிசிஆரில் ஜயண்ட்டும் ஊரோடு ஒத்துப்போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

மெக்கானிக்கிடம் நிரந்தரக் கணக்கு வைத்திருப்பவர் டார்மாக் வாங்கலாம். சாலை மோசமென்றால் சோலோயிஸ்ட். நான் இரண்டாம் கையாக 2020 டிசிஆரை எடுத்தேன். மாதம் ஒரு முறை ஸ்டெம்மைக் கழற்றி, ஃபோர்க்கை நாலு விரற்கடை கீழே இறக்கி, பேரிங்கைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிவிடுகிறேன். ஊற்றிவைத்த காபி அதற்குள் ஆறுவதில்லை.