டைஷாவைக் கைவிட்ட தொலைக்காட்சி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நூலும் தொடரும்

நந்தனம் புத்தகக் காட்சியில் ஏழு தடித்த நூல்கள் அடங்கிய பெட்டியாக நான் வாங்கிய, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்ற மிகுபுனைவு வரிசையில் இதுவரை வெளிவந்திருப்பவை உண்மையில் ஐந்து நாவல்களே. மூன்றாவதும் ஐந்தாவதும் மிகப் பெரியவை என்பதால் இந்தப் பதிப்பில் அவை ஒவ்வொன்றும் இரண்டு புத்தகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்து மிகவும் பொடி. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் நின்றபடி படிப்பதற்கு ஏற்றதல்ல. யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும்போதெல்லாம் கடைசிப் பக்கங்களில் உள்ள குடும்பப் பட்டியல்கள்தான் கைகொடுத்தன. முதல் நாவல் 1996-இலும் ஐந்தாவது 2011-இலும் வெளியாயின. இவற்றைத் தழுவி அதே 2011-இல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர், 8 சீசன்கள், 73 எபிசோடுகள் என 2019-இல் முடிந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிடுவதற்குக் கதையின் முக்கிய முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டும். இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நூலின் பலம் அதன் அத்தியாய அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான அத்தியாயங்களுக்கு ஒரு கதாபாத்திரத்தின் பெயரே தலைப்பு. அவர் கண்டதும் நினைத்ததும் மட்டுமே நமக்குத் தெரியவரும். சிறுவன் ஒருவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட ஜேமி லானிஸ்டரை முதல் இரண்டு நாவல்களிலும் பிறர் பார்வையில் மட்டுமே காண்கிறோம். மூன்றாவது நாவலில் அவனே பேசத் தொடங்கும்போது, அதுவரை சேர்த்துவைத்திருந்த வெறுப்பை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் தவித்துப்போகிறோம். கேமராவுக்கு இது எளிதில் கைகூடுவதில்லை.

ஆனால், தொடரை எழுதியவர்கள் இந்தக் குறையை வேறு வழியில் ஈடுசெய்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராபர்ட் மன்னனும் செர்சியும் தங்கள் தோற்றுப்போன திருமணத்தைப் பற்றி மதுக்கோப்பையுடன் பேசும் காட்சி நூலில் கிடையாது. நூலில் ரூஸ் போல்டன் என்ற பிரபுவுக்குக் கோப்பை ஏந்தும் சிறுமி ஆர்யாவை, இரண்டாவது சீசனில் ஜேமியின் தந்தை டைவினுக்குப் பணிவிடை செய்யவைத்தார்கள். பகைவனின் மேசையருகே நிற்கும் அந்தச் சிறுமிக்கும் டைவினாக நடித்த சார்லஸ் டான்ஸுக்கும் இடையிலான காட்சிகள் மூலத்தை மிஞ்சுகின்றன என்பதே என் கருத்து. ஐந்தாவது நாவலில் ஒரு கடிதத்தின் சில வரிகளாக மட்டுமே வரும் ஹார்ட்ஹோம் என்ற குடியிருப்பின் கதை, திரையில் முழுப் போராக விரிந்து உறைய வைக்கிறது. ராமின் ஜவாதியின் இசையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஜேமியின் தம்பி டிரியன் தன் பதின்மூன்றாம் வயதில் டைஷா என்ற ஏழைப் பெண்ணை மணந்தான். அவள் காசுக்காக அமர்த்தப்பட்ட விலைமகள் என்று தந்தை டைவின் அவனை நம்பவைத்தார். மூன்றாவது நாவலின் இறுதியில் அவனைச் சிறையிலிருந்து விடுவிக்கும் ஜேமி, அது பொய், அவள் உண்மையாகவே உன்னை நேசித்தவள் என்று சொல்லிவிடுகிறான். அண்ணன் தம்பி உறவு அந்த நொடியில் அறுந்துபோகிறது. டிரியன் தந்தையின் அறைக்கு ஏறிச் செல்வதும் அவரைக் கொல்வதும் அதன் விளைவுகளே. நான்காவது சீசனின் கடைசி எபிசோடில் இந்த உண்மை சொல்லப்படுவதே இல்லை. சகோதரர்கள் கட்டித் தழுவிப் பிரிகிறார்கள். தப்பிக்க வேண்டியவன் எதற்காகத் தந்தையின் அறைக்குப் போகிறான் என்ற கேள்விக்குக் காட்சியில் விடை இல்லை. முதல் சீசனிலேயே டைஷாவின் கதையைச் சொல்லிவிட்டு, பலன் தரவேண்டிய இடத்தில் கைவிட்டதுதான் எனக்குப் புரியாத புதிர்.

‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமானபோது, ஐந்து பாகங்களையும் மனப்பாடமாக வைத்திருக்கும் என் பெரியம்மா, திரையில் விடுபட்டவர்களை விரல்விட்டு எண்ணியபடி தியேட்டரிலிருந்து வெளியே வந்தார். நான் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. இறந்துபோன ஆர்யாவின் தாய் கேட்லின் பழிவாங்க எழுந்துவருவதையும், அரியணைக்கு உரிமை கோரி ஏகான் என்ற பெயரில் ஓர் இளைஞன் படையுடன் கரையிறங்குவதையும் தொடர் விட்டுவிட்டதை நீளம் கருதிய முடிவுகளாக ஏற்றுக்கொள்ளலாம். டைஷா விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டே வரி வசனம்.

இந்தியாவில் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கே எழுந்து பார்த்த கடைசி இரண்டு சீசன்களின் சரிவுக்கு, நூல்கள் தீர்ந்துவிட்டன என்ற காரணமே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. நூல் கையில் இருந்தபோதே காரணத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் தொடங்கிவிட்டது என்பேன். பத்துப் பத்தாக வந்த எபிசோடுகள் ஏழாகவும் ஆறாகவும் குறைந்தபோது அது அப்பட்டமாகத் தெரிந்தது. நாட்டின் வட எல்லையிலுள்ள பெருஞ்சுவருக்கு அப்பால் சிக்கியவர்களைக் காப்பாற்ற, செய்தி போன வேகத்திலேயே டிராகன்கள் வந்து சேர்கின்றன. முதல் சீசனில் நெடுந்தொலைவாகத் தெரிந்த அதே நாடுதான் இது.

பெட்டி முழுவதையும் வாங்கத் தயங்குபவர்கள் முதல் மூன்று நாவல்களை, அதாவது நான்கு புத்தகங்களை மட்டும் வாங்கலாம். தொடரில் நான்கு சீசன்கள் போதும். அந்த நான்காவது சீசனின் கடைசி எபிசோடைப் போடுவதற்கு முன், மூன்றாவது நாவலில் டிரியன் பெயரில் வரும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.