பழைய கோல்ஃப் பந்து மொத்தமாக எடுப்பவர்கள் கவனம்: எங்கள் 137,500 ரூபா போய்விட்டது

திருகோணமலையில் பழைய கோல்ஃப் பந்து விற்கும் யோசனை இருப்பவர்கள் இதை வாசித்த பிறகு காசு கட்டுங்கள். மைதானக் குளங்களில் விழுந்த பந்துகளை எடுத்து, கழுவி, தரம் பிரித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 137,500 ரூபாவைப் பறிகொடுத்து நிற்கிறோம். வாங்கல், விற்றல் விளம்பரம் போடும் ஒரு தளத்தில் கடை விரித்திருக்கும் ஆள்.

நம்பவைத்தது மாதிரிப் பந்துகள்தான். இரண்டு டசன் அனுப்பினார். அத்தனையும் டைட்லிஸ்ட் புரோ வி1 என்ற பெயர்பெற்ற உயர்தரப் பந்துகள். எழுத்து மங்கவில்லை, பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளின் விளிம்பு தேயவில்லை, பேனைக் குறிகூட இல்லை. "இதே தரத்தில் 500 இருக்கு தம்பி, ஒன்று 275. சீனக்குடா மைதானம் உங்களுக்குப் பக்கத்தில்தானே, நாலு நாளில் விற்றுவிடலாம். முழுக்காசையும் வங்கியில் போடுங்கோ, நாளைக்கே ஏற்றிவிடுறன்" என்றார். போட்டோம்.

வந்த பெட்டியில் மேல் அடுக்கு மட்டும் மாதிரியைப் போல. கீழே இருந்தவற்றை நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பெயின்ற் தோலாக உரிகிறது. உள்ளே, மைதானங்கள் தங்கள் பயிற்சிப் பந்துகளில் அடையாளத்துக்குப் போடும் சிவப்பு வளையம்! அதை மூடிப் பெயின்ற் அடித்து, மேலே புரோ வி1 என்று புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். பெயின்ற் குழிகளுக்குள் தேங்கினால் ஆழம் குறையும். பந்தைக் காற்றில் தூக்கி நிறுத்துவதே அந்தக் குழிகள்தான். அவை அடைபட்டால் தூரம் போகாது. விளையாடத் தெரிந்தவர் சில அடியிலேயே கண்டுபிடிப்பார், பிறகு எங்களிடம் வரவே மாட்டார். வளையம் போட்ட பந்து மைதானத்துக்குச் சொந்தமானது என்பதால் களவுப்பொருள் விற்ற பெயரும் எங்களுக்குத்தான்.

எண்ணிக்கையும் பொய். 425 தான் இருந்தது. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி, நல்ல பந்துகள் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். 500 என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ வரவேண்டும். கூரியர் சீட்டில் பெட்டியோடு சேர்த்தே 20 கிலோ.

கேட்டால் முதலில் "கூரியர்க்காரர் எடுத்திருப்பார்கள்". பிறகு "நீங்கள் பிளீச்சில் ஊறவைத்திருப்பீர்கள், அதுதான் உரியுது". பெட்டியை உடைத்த அன்றே படம் அனுப்பியிருந்தோம். பந்தில் தண்ணீர்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு நம்பரையே புளொக் பண்ணிவிட்டார். தளத்துக்கு எழுதினால், விளம்பரம் போட இடம் தருவது மட்டுமே தங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். வங்கியில் போய்க் கேட்டால், நீங்களாக அனுப்பிய காசு என்கிறார்கள். 137,500 ரூபாவுக்கு யாருமே பொறுப்பில்லை!

வாங்குவதென்றால் பொருள் கைக்கு வந்த பிறகு காசு. பெட்டியின் அடியிலிருந்து பத்துப் பந்தை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள், டோர்ச்சைச் சரித்துப் பிடித்துக் குழிகளைப் பாருங்கள். வாளித் தண்ணீரில் போட்டால் தாழவேண்டும். மிதந்தால் அது தண்ணீருக்குள் அடித்துப் பழகச் செய்த பந்து. எந்த மைதானத்தில் எடுத்தது, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள், காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். சீட்டு, படம், குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லியிருக்கிறோம். அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே இரண்டு டசன் பந்துகளின் படத்தோடு.